ஸ்விட்ச்சில் மெமரி கார்டு அரை மணி நேரத்தில் காணாமல் போகிறது: கார்டா, ரீடரா?

#1 மழைத்துளி
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட இருக்கிறது முதல் தலைமுறை நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல், 2017 மாடல். ஒருத்தர் பயன்படுத்தினதைக் கைமாத்தி வாங்கினேன். ரெண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடுச்சு. இப்போ மூணு வாரமா மைக்ரோ எஸ்டி கார்டு படுத்தி எடுக்குது.

ஆன் பண்ணினதும் கார்டு தெரியும், கேம் ஓடும். இருபது நிமிஷமோ அரை மணி நேரமோ கழிச்சு, கார்டைக் கழற்றிட்டதா ஒரு செய்தி வந்து ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுது. நான் கார்டைத் தொடவே இல்ல. ரீஸ்டார்ட் பண்ணினா சில தடவை கார்டு வரும், சில தடவை கார்டே போடாத மாதிரி காட்டும். ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணி வச்சிட்டு எடுத்தா பெரும்பாலும் வந்துடும்.

அதுல கேம் இருக்கிறது எனக்குப் பெரிய விஷயமில்ல, திரும்ப டவுன்லோட் பண்ணிக்கலாம். தம்பி வெளியூர் போறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினப்போ பதிவு பண்ணின முப்பது விநாடி வீடியோக்கள் நூத்துக்கணக்குல அந்தக் கார்டுலதான் இருக்கு. அது போயிடக் கூடாது. முதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க.

#2 குறுந்திரை
எனக்கும் இப்படி ஒரு தடவை ஆச்சு ப்ரோ. கார்டை ஃபார்மட் பண்ணினேன், சரியாயிடுச்சு. சிஸ்டம் செட்டிங்ஸ்ல போய் கடைசியில இருக்கிற சிஸ்டம், அதுக்குள்ள ஃபார்மட் ஆப்ஷன்ஸ். ரெண்டு நிமிஷ வேலை.

#3 பற்றாசு
மழைத்துளி, தயவுசெய்து இப்போது ஃபார்மட் செய்யாதீர்கள். குறுந்திரை நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவருக்கு வந்தது வேறு கோளாறாக இருக்க வேண்டும். கார்டில் உள்ள கோப்பு அமைப்பு கெட்டுப் போயிருந்தால் ஃபார்மட் உதவும். உங்கள் கன்சோல் கார்டே வெளியே போய்விட்டது என்கிறது. அதாவது நடுவில் மின் தொடர்பு அறுகிறது. இந்த நிலையில் ஃபார்மட் செய்து, அது பாதியில் அறுந்தால், வீடியோக்களும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

முதல் வேலை நகல். பவர் பொத்தானை மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் முழுதாக ஆஃப் செய்யுங்கள். திரை அணைவது தூக்கம் மட்டும்தான். பிறகு கார்டை எடுத்துக் கணினியில் போடுங்கள். நிண்டெண்டோ என்ற ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஆல்பம் என்பதில் உங்கள் படங்களும் வீடியோக்களும் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும். பக்கத்தில் கன்டென்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பவை கேம்கள். அவை உங்கள் கன்சோலோடு பூட்டப்பட்டவை, வேறெங்கும் திறக்காது. இரண்டையும் சேர்த்து அப்படியே எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறும். ஸ்விட்ச்சில் கேம் எந்தக் கட்டம் வரை போனது என்ற சேமிப்பு கார்டுக்குப் போவதே இல்லை. அது கன்சோலின் உள் நினைவகத்தில் இருக்கிறது. கார்டு நாளை செத்தாலும் நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம்.

#4 மழைத்துளி
ரொம்ப நன்றி அண்ணா. சேமிப்பு உள்ளேதான் இருக்குங்கிறது எனக்குத் தெரியவே தெரியாது. நகல் எடுத்துட்டேன், ஆல்பத்துல இருந்த ஒவ்வொரு மாசத்துலயும் ரெண்டு மூணு வீடியோ ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியா ஓடுது. கணினியில ஒரு தடவை கூட கார்டு அறுபடல. அப்போ கார்டு நல்லா இருக்குன்னு வச்சிக்கலாமா?

#5 கணக்குப்பிள்ளை
அவசரப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம். நகல் எடுக்க முடிந்தது என்றால், எழுதியிருந்த இடங்களைப் படிக்க முடிந்தது என்றுதான் பொருள். காலியாக இருக்கும் இடம் எப்படி என்று இன்னும் தெரியாது.

நகல் பத்திரமாக இருக்கிறது அல்லவா, இப்போது கார்டை முழுதாகச் சோதிக்கலாம். விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: காலி இடம் முழுவதையும் தெரிந்த தரவால் நிரப்பி, பிறகு திரும்பப் படித்து ஒப்பிடும். எழுதியதும் படித்ததும் ஒன்றாக இருந்தால் கார்டு நேர்மையானது. பெரிய கார்டு என்றால் சில மணி நேரம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள். சோதனைக்கு முன் கார்டை காலி செய்துகொண்டால்தான் முழுக் கொள்ளளவும் சோதனைக்குள் வரும்.

இதை வலியுறுத்தக் காரணம் போலிக் கார்டுகள். 32 ஜிபி சில்லை வைத்து 256 என்று பொய் சொல்லும்படி அமைத்து விற்கிறார்கள். முதல் 32 ஜிபி வரை எல்லாம் நன்றாகவே நடக்கும். அதைத் தாண்டியதும் புதிதாக எழுதுவது எங்கும் நிற்காது, அல்லது பழையதன் மேலேயே விழும். ஆனால் அந்தக் கோளாறு "தரவு கெட்டுவிட்டது" என்றுதான் வரும். கார்டைக் கழற்றியதாகச் செய்தி வருவது அதற்குப் பொருந்தவில்லை. எனவே என் சந்தேகமும் பற்றாசு சொல்லும் பக்கம்தான் சாய்கிறது. இருந்தாலும் சோதித்து ஒதுக்கிவிட்டால் பிறகு திரும்பி வர வேண்டியதில்லை.

#6 மழைத்துளி
ராத்திரி முழுக்க ஓட விட்டேன். ஒரு பிழை கூட இல்ல, முழுக் கொள்ளளவும் சரியா இருக்கு.

காலையில இன்னொண்ணும் பண்ணினேன். பழைய போன்ல இருந்த 32 ஜிபி கார்டைக் கன்சோல்ல போட்டு, அதுலயே ஃபார்மட் பண்ணி, ஒரு சின்ன கேம் இறக்கி ஆடினேன். இருபத்தஞ்சாவது நிமிஷம் அதே செய்தி. ரெண்டு கார்டுக்கும் ஒரே நோய்.

#7 கணக்குப்பிள்ளை
அப்படியானால் கார்டு வழக்கிலிருந்து விடுதலை. இனி கன்சோல் பக்கம்தான்.

#8 பழையகாசெட்
தம்பி, பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னால ஒரு எளிய வழி சொல்றேன். ஸ்லாட்டுக்குள்ள கார்டைத் தொடற உலோக நாக்கு காலப்போக்கில தளர்ந்து போகும். கார்டோட முதுகுல, தங்க நிறப் பட்டை இல்லாத பக்கத்துல, மெல்லிசா ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிப் போடுங்க. கார்டு கொஞ்சம் தடிமனாகி நாக்கோட நல்லா அழுத்தி உட்காரும். என் கன்சோல் இப்படியே ஒரு வருஷமா ஓடுது. பைசா செலவில்ல.

#9 பற்றாசு
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை யாருக்கும் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

மைக்ரோ எஸ்டி கார்டு 15 மி.மீ. நீளம், 11 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன். ஸ்லாட் அந்த 1 மி.மீ. அளவுக்கென்றே செய்தது. உள்ளே இருக்கும் எட்டு நாக்குகளும் தலைமுடி போல மெல்லிய ஸ்ப்ரிங்குகள். கார்டு உள்ளே போகும்போது அவை ஓரளவு தாழ்ந்து, வெளியே வந்ததும் மேலெழ வேண்டும். டேப் ஒட்டித் தடிமன் கூட்டினால் அவை தாழ வேண்டிய அளவைத் தாண்டித் தாழும். மாதக்கணக்கில் அப்படியே அழுந்திக் கிடந்தால் மேலெழும் திறனை இழந்துவிடும். அதற்குப் பிறகு டேப் இல்லாத எந்தக் கார்டும் அந்த ஸ்லாட்டில் வேலை செய்யாது. சூட்டில் டேப்பின் பசை இளகி நாக்கில் படிவது இன்னொரு தொல்லை. கார்டை இழுக்கும்போது டேப் சுருண்டு உள்ளேயே தங்கி, கூடவே ஒரு நாக்கைப் பிய்த்து வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

#10 பழையகாசெட்
நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது. ஆனா எல்லாராலயும் கன்சோலைப் பிரிச்சு வேலை பார்க்க முடியாதே. கை நடுக்கம் இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? ஒரு தற்காலிக ஏற்பாடா அதைச் சொன்னேன். என் கன்சோலை ஒரு நாள் கழற்றி அந்த நாக்குங்க எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்றேன்.

#11 தென்றல்
என்கிட்ட இருக்கிறது ஸ்டீம் டெக்ங்கிற வேற கையடக்க கேம் கருவி, ஆனா போன வருஷம் இதே பிரச்சினையில மாட்டினேன், அதனால எழுதறேன். பையில உறை இல்லாம வச்சு வச்சு ஸ்லாட்டுக்குள்ள துணி நூல் போயிருந்தது. என் கவனக்குறைவுதான்.

டெக்ல ஒரு வசதி, அது லினக்ஸ். டெஸ்க்டாப் பக்கம் போய் கர்னல் பதிவை, அதாவது சிஸ்டம் தானா எழுதி வைக்கிற குறிப்பைப் பார்த்தா கார்டு ஏன் அறுந்ததுன்னு அதுவே எழுதி வச்சிருக்கும். எனக்கு மைனஸ் 84-ன்னு பிழை வரிசையா நின்னுது. அந்த எண் வந்தா, கார்டு பதில் சொல்லுது ஆனா வழியில சிக்னல் சிதைஞ்சு வருதுன்னு அர்த்தம். மைனஸ் 110 வந்தா, கேட்ட கேள்விக்குக் கார்டு பதிலே சொல்லாம நேரம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். எனக்கு 84 வந்ததால, தொடர்பு இருக்கு ஆனா சுத்தமா இல்லைன்னு புரிஞ்சது. பல்பு வெளிச்சத்துல பார்த்து நூலை எடுத்தேன், 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல கார்டு பட்டைகளைத் துடைச்சேன், அதோட நின்னுடுச்சு.

டெக் வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா ரெண்டு விஷயம். டெக் தன் கார்டை இஎக்ஸ்டி4 முறையில ஃபார்மட் பண்ணுது. அதை விண்டோஸ் கணினியில போட்டா அதுக்குப் படிக்கத் தெரியாம, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்கும். ஆமான்னு மட்டும் சொல்லிடாதீங்க, எல்லாம் போயிடும். அடுத்தது, டெக்கோட பின்மூடியைத் திறக்கணும்னா முதல்ல கார்டை வெளிய எடுத்துடுங்க. கார்டு உள்ள இருக்கும்போது மூடியை நெம்பினா கார்டு ரெண்டா உடையும். அதுல ஸ்லாட் முதன்மைப் பலகையிலேயே பற்ற வச்சிருக்கு, கெட்டா மாத்தறது லேசுப்பட்ட வேலையில்ல. அந்த விஷயத்துல ஸ்விட்ச்காரங்க கொடுத்து வச்சவங்க.

#12 மழைத்துளி
நன்றி தென்றல். ஸ்விட்ச்ல அப்படி பதிவு எதுவும் பார்க்க முடியாதே. வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது? சூடானா அறுபடற மாதிரி இருக்கு, அது எதையாவது சொல்லுதா?

#13 பற்றாசு
நிறையவே சொல்கிறது. தென்றல் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் கன்சோலுக்கு வருவோம்.

கார்டுக்கும் செயலிக்கும் நடுவில் இரண்டு இடங்களில் தொடர்பு வெறும் அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. ஒன்று, கார்டின் பட்டைகளும் ஸ்லாட்டின் நாக்குகளும் தொடும் இடம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் மாடல் ஸ்விட்ச்சில் கார்டு ரீடர் ஒரு தனிச் சிறு பலகை. அது முதன்மைப் பலகையில் ஒரு கனெக்டர் வழியாக அழுத்திச் செருகப்பட்டு நிற்கிறது. இந்த இரண்டில் எது தளர்ந்தாலும் வெளியே தெரியும் நோய் ஒன்றுதான்.

சூடேறும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரியும். நூலிழையில் தொட்டுக்கொண்டிருக்கும் தொடர்பு அப்போது விலகும், ஆறியதும் மீண்டும் சேரும். உங்கள் இருபது நிமிடக் கணக்கு இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

பிரிக்காமலே மூன்று காரியம் செய்யுங்கள். டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்து ஆடும்போது எத்தனை நிமிடத்தில் அறுகிறது, கையில் வைத்து ஆடும்போது எத்தனை என்று தாளில் குறியுங்கள். டாக்கில் கன்சோல் கூடுதல் வேகத்தில் ஓடும், சூடும் கூடும். அடுத்து, கார்டு தெரியாமல் போன நிலையில் பின்னால் விரியும் ஸ்டாண்டுக்கு அருகே பின்மூடியை விரலால் மென்மையாக அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாக, ஆஃப் செய்து கார்டை எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள். எட்டு நாக்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஊசி, குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

#14 இருட்டறை
எட்டு நாக்கும் எதுக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும் சார். ஒண்ணு போனா கார்டே தெரியாம போயிடுமா?

#15 பற்றாசு
நல்ல கேள்வி. எட்டில் நான்கு தரவுப் பாதைகள். ஒன்று கட்டளைப் பாதை, ஒன்று கடிகாரத் துடிப்பு, ஒன்று 3.3 வோல்ட் மின்சாரம், ஒன்று தரை. மின்சாரம், தரை, கட்டளை, கடிகாரம் ஆகிய நான்கில் எது அறுந்தாலும் கார்டு இருப்பதே தெரியாது. கன்சோல் முதலில் கார்டோடு ஒற்றைத் தரவுப் பாதையில், மெதுவான வேகத்தில்தான் பேச்சைத் தொடங்கும். அறிமுகம் முடிந்த பிறகே நான்கு பாதைக்கும், 1.8 வோல்ட் சிக்னலுக்கும், அதிக வேகத்துக்கும் மாறும். அதனால் தொடக்கத்தில் பயன்படாத ஒரு தரவுப் பாதை மட்டும் பழுதானால், கார்டு கண்ணில் படும், ஆனால் படிக்கும்போது திணறும், பிழை காட்டும். நோயின் சாயலை வைத்தே எந்த நாக்கு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

#16 மழைத்துளி
குறிச்சு வச்சேன். டாக்ல 14, 16, 13 நிமிஷம். கையில 27, 31 நிமிஷம். சூடுதான்.

அழுத்திப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கு இடப் பக்கமா விரல் வச்சு அழுத்தினா கார்டு வருது, விட்டா போகுது. மூணு தடவையும் அப்படியே. நாக்குங்க எனக்குப் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஓரத்துல இருக்கிற ஒண்ணு மட்டும் கொஞ்சம் தாழ்வா இருக்கோன்னு சந்தேகம், ஆனா வெளிச்சம் படற கோணத்தாலயும் இருக்கலாம்.

திறந்து பார்க்கிற தைரியம் வந்துடுச்சு. எப்படின்னு சொல்லுங்க.

#17 பற்றாசு
சொல்கிறேன். அவசரமில்லாத ஒரு நாளில், வெள்ளைத் துணி விரித்த மேசையில் செய்யுங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களைக் கழற்றிய இடத்தின் படம் வரைந்த தாளில் அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். நீளங்கள் வேறு வேறு, மாறிப் போகக் கூடாது.

முதலில் முழுதாக ஆஃப். கார்டையும் கேம் கார்டையும் எடுத்துவிடுங்கள். இரு பக்கமும் இருக்கும் ஜாய்கான் கன்ட்ரோலர்களையும் கழற்றுங்கள். பின்மூடியில் நான்கு மூலையிலும் இருப்பவை மூன்று வெட்டுள்ள ஒய் வடிவ ஸ்க்ரூக்கள், அதற்கு ஒய்00 டிரைவர் வேண்டும். சாதாரண டிரைவரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மேல் விளிம்பிலும், கீழே சார்ஜ் துளைக்கு இருபுறமும், ஜாய்கான் தண்டவாளங்களின் நடுவிலும் இருப்பவை சாதாரண நான்கு வெட்டு ஸ்க்ரூக்கள். ஸ்டாண்டைத் திறந்தால் கார்டு ஸ்லாட் பக்கத்தில் ஒன்று ஒளிந்திருக்கும். மூடி வராமல் பலர் மல்லுக்கட்டுவது இந்த ஒன்றை மறந்துவிட்டுத்தான். மேலே கேம் கார்டு போடும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்மூடியைக் கீழ்ப் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்குங்கள்.

உள்ளே ஒரு பெரிய உலோகத் தகடு தெரியும். அதைத் தொட வேண்டாம். அதற்கு அடியில் வெப்பம் கடத்தும் பசை இருக்கிறது, கழற்றினால் புதிதாகப் பூச வேண்டும். ரீடர் பலகை அதற்கு முன்பே கைக்கு எட்டும். அதை ஒரே ஒரு சிறு ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் பலகையை நேர் மேலாகத் தூக்குங்கள், சாய்த்து இழுக்காதீர்கள். பேட்டரி இணைப்பு தகட்டுக்குக் கீழே இருப்பதால் அதைத் துண்டிக்காமல்தான் இந்த வேலை நடக்கிறது. எனவே உலோகக் கருவி எதுவும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன் தரைத் தொடர்புள்ள உலோகம் எதையாவது தொட்டு உடலில் இருக்கும் நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பப் போடும்போது முக்கியமான ஒன்று. கனெக்டரின் மேல் ஒரு பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். அதை லேசாகத் தூக்கி, கனெக்டரை நேரடியாக விரலால் அழுத்தி, கிளிக் என்று உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே ஸ்க்ரூ போடுங்கள். பஞ்சின் மேலேயே அழுத்தினால் உட்கார்ந்தது போலத் தோன்றும், உட்கார்ந்திருக்காது.

#18 மழைத்துளி
திறந்துட்டேன் அண்ணா! ரீடர் பலகையில ஸ்க்ரூவே இல்ல. ஓட்டை காலியா இருக்கு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரோ அவருக்காக வேற யாரோ எப்பவோ பிரிச்சு, திரும்பப் பூட்டும்போது விட்டுட்டாங்க போல. பலகை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, கனெக்டர் பாதிதான் உள்ள இருந்தது. ஒவ்வொரு தடவை கார்டை அழுத்தி எடுக்கும்போதும் அது இன்னும் கொஞ்சம் மேல வந்திருக்கும்.

கனெக்டர் ரெண்டு பக்கத்தையும் ஆல்கஹால் நனைச்ச பஞ்சுக் குச்சியால துடைச்சேன், காய விட்டேன், நீங்க சொன்ன மாதிரி பஞ்சைத் தூக்கி அழுத்தினேன். கிளிக்குன்னு கேட்டது. ஸ்க்ரூ இல்லாததால இப்போதைக்கு அப்படியே மூடியிருக்கேன், மூடி அழுத்தித்தான் பிடிக்குது. டாக்ல வச்சு ரெண்டு மணி நேரம் ஓடியாச்சு, அறுபடல!

#19 தென்றல்
ஆஹா! காலி ஓட்டையை நினைச்சா பதறுது. ஒரு குட்டி ஸ்க்ரூ.

#20 குறுந்திரை
நான் ஃபார்மட் பண்ணச் சொன்னதை நினைச்சு வருத்தமா இருக்கு ப்ரோ. நல்லவேளை நீங்க கேட்கல. இனிமே இப்படி யாராவது கேட்டா முதல்ல நகல் எடுக்கத்தான் சொல்வேன்.

#21 பற்றாசு
அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஸ்க்ரூ இல்லாமல் நீண்ட நாள் விடாதீர்கள். வாங்கும்போது நீளத்தைக் கவனியுங்கள். மூலத்தில் இருந்தது ஏறக்குறைய 3 மி.மீ. நீளம்தான். கையில் கிடைக்கிறதே என்று நீளமானதைப் போட்டுத் திருகினால் முனை அடியில் இருப்பதைக் குத்தும்.

#22 மழைத்துளி
அஞ்சு நாள் கழிச்சு திரும்ப வர்றேன், நல்ல செய்தியோட இல்ல. கார்டு இப்போ காணாம போறதே இல்ல. ஆனா பெரிய கேம் ஒண்ணு திறக்கும்போது தரவு கெட்டிருக்குன்னு வருது. கேம் ஐகான்ல பிளஸ் அழுத்தினா வர்ற பட்டியல்ல கெட்ட தரவு இருக்கான்னு சரிபார்க்கிற வசதி இருக்கே, அதை ஓட்டினேன். கெட்டிருக்குன்னு சொல்லி திரும்ப இறக்குச்சு. மறுநாள் இன்னொரு கேமுக்கு அதே. டவுன்லோடும் ரொம்ப மெதுவா எழுதுது. கார்டைக் கணினியில போட்டுத் திரும்ப முழுசா சோதிச்சேன், சுத்தம்.

#23 கணக்குப்பிள்ளை
கோப்பு அமைப்பு எக்ஸ்ஃபேட்டா? கனெக்டர் தளர்ந்திருந்த காலத்தில் எழுதும்போதே பலமுறை அறுந்திருக்கிறது. எக்ஸ்ஃபேட் அப்படி அறுவதைத் தாங்காது, அப்போது பட்ட காயம் மிச்சமிருக்கலாம். கன்சோலில் ஒரு முறை ஃபார்மட் செய்து, புதிதாக ஒரு கேமை இறக்கிப் பாருங்கள். நகல் இருப்பதால் இப்போது அதில் ஆபத்தில்லை. அதற்குப் பிறகும் கெட்டால் பழைய காயம் என்று சொல்ல முடியாது.

#24 மழைத்துளி
பண்ணினேன். ஃபார்மட் ஆன கார்டுல புதுசா இறக்கின கேமும் ரெண்டாவது நாள் கெட்டுடுச்சு. 32 ஜிபி கார்டுலயும் அப்படியே.

#25 பற்றாசு
அப்படியென்றால் இது இரண்டாவது பழுது. முதல் பழுது அதை மறைத்துக்கொண்டிருந்தது. கார்டு எப்போதும் தெரிகிறது, ஆனால் தரவு சிதைகிறது என்றால் #15-இல் எழுதியதைப் பாருங்கள். மின்சாரமும் கட்டளையும் நன்றாக இருக்கின்றன, தரவுப் பாதை ஒன்று சரியாகத் தொடவில்லை. ஓரத்து நாக்கு ஒன்று தாழ்ந்திருப்பதாக #16-இல் நீங்களே சந்தேகப்பட்டீர்கள். அதை அன்றே விசாரிக்காமல் விட்டது என் தவறு. கார்டின் இரு ஓரங்களிலும் இருப்பவை தரவுப் பாதைகள்தான்.

பலகையை மறுபடி கழற்றி, கண்ணுக்கு நேராக, நாக்குகளின் உயரத்துக்குப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் தெரியாத உயர வித்தியாசம் இப்படிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். மல்டிமீட்டர் இருந்தால், ஸ்லாட்டின் பற்ற வைத்த கால்களுக்கும் கனெக்டரின் கால்களுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மீட்டரின் முனையை நாக்குகளின் மேல் வைக்காதீர்கள்.

#26 பழையகாசெட்
இந்த இடத்துல நான் ஒண்ணு சொல்லியாகணும். நேத்து என் கன்சோலைப் பேரன் உதவியோட திறந்து, பலகையைப் பக்கவாட்டுல வச்சுப் பார்த்தேன். எட்டுல அஞ்சு நாக்கு தட்டையாப் படுத்துக் கிடக்கு. டேப் இல்லாத கார்டு போட்டா எதுவும் தெரியல. நீங்க சொன்னதே நடந்திருக்கு. #8-ல நான் சொன்னதை யாரும் பின்பற்ற வேண்டாம், அங்கேயும் ஒரு வரி சேர்த்துடறேன். ரீடர் பலகை மாத்தணும், ஆர்டர் போட்டாச்சு.

#27 மழைத்துளி
ஐயா, நீங்க திறந்து பார்த்துச் சொன்னதுக்கு நன்றி. அதுவே எனக்கும் ஒரு பாடமாச்சு.

எனக்கும் ஏழு நாக்கு ஒரே வரிசையா நிக்குது, வலது ஓரத்து ஒண்ணு மட்டும் அரை உயரம்தான். மீட்டர்ல எல்லாக் காலுக்கும் தொடர்பு இருக்கு. அப்போ பற்ற வச்சதுல கோளாறில்ல, அந்த நாக்குதான். பலகை தூக்கிக்கிட்டு சாய்வா நின்னதால கார்டு கோணலா உள்ள போய்ப் போய் அதை மடக்கியிருக்குமோ? மெல்ல நிமிர்த்திப் பார்க்கலாமா?

#28 பற்றாசு
நீங்கள் ஊகிப்பது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். நிமிர்த்தலாம், நிற்கவும் செய்யும், எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. ஒருமுறை மடிந்த ஸ்ப்ரிங் நிமிர்த்தும்போது மடிந்த இடத்திலேயே இன்னும் பலவீனமாகிறது. நிமிர்த்தும்போது கொஞ்சம் கூடுதலாக உயர்ந்துவிட்டால், அடுத்த முறை செருகும் கார்டின் முனை அதை முன்னோக்கிச் சுருட்டி, பக்கத்து நாக்கோடு சேர்த்துவிடும். மின்சாரப் பாதைக்கு அடுத்த நாக்கில் அப்படி நடந்தால் கார்டும் போகலாம். ஸ்விட்ச்சில் இந்தப் பலகை தனியாகக் கிடைக்கிறது, பற்ற வைக்கும் வேலையும் இல்லை. மாற்றிவிடுங்கள். உங்கள் மாடலுக்கு உரியதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் லைட் மாடலில் ஸ்லாட் அடிப்பக்கம், அதன் அமைப்பே வேறு.

#29 மழைத்துளி
பலகை மாத்தி இன்னைக்குப் பதினாறாவது நாள். டாக்லயும் கையிலயும் மாத்தி மாத்தி ஆடிட்டேன், ஒரு தடவை கூட அறுபடல. எல்லா கேமுக்கும் கெட்ட தரவுச் சோதனை ஓட்டினேன், எல்லாம் சரி. நகல் எடுத்து வச்ச ஃபோல்டரைக் கார்டுல திரும்பப் போட்டேன், ஆல்பம் முழுசா வந்துடுச்சு. தம்பிக்கு மொத்தத்தையும் அனுப்பினேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒவ்வொண்ணா பார்த்துட்டு, இது எந்த நாள் எடுத்ததுன்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.

#30 பழையகாசெட்
எனக்கும் பலகை வந்துடுச்சு தம்பி. பேரனை உட்கார வச்சு #17-ஐ அவன் படிக்க நான் மாட்டினேன். பஞ்சைத் தூக்கித்தான் அழுத்தினேன். உங்களுக்கு ஸ்க்ரூ கிடைச்சுதா? புதுப் பலகையோட எனக்கு ஸ்க்ரூ வரல, பழசையே போட்டுட்டேன்.

#31 மழைத்துளி
கிடைச்சுது ஐயா, தனியா வாங்கினேன். பெட்டியில மூணு நீளம் கலந்து வந்தது, ஸ்கேல் வச்சு 3 மி.மீ. இருக்கிறதைப் பொறுக்கி எடுத்தேன். மிச்சத்தைக் கன்சோல் உறைக்குள்ளயே ஒரு சின்ன உறையில போட்டு வச்சிருக்கேன். யாருக்காவது இந்தப் பலகையோட ஸ்க்ரூ தொலைஞ்சு போயிருந்தா இங்க எழுதுங்க, அளவு எடுத்த படத்தைப் போடறேன்.